அல்போன்ஸ் பெனோவும் ரெண்டு பவுன் விமானமும்

முதல்ல ரெண்டு கணக்கு.

1903 டிசம்பர் 17, அமெரிக்காவில் கிட்டி ஹாக். ஆர்வில் ரைட் ஓட்டிய விமானம் 12 விநாடி பறந்து 36.5 மீட்டர் தூரத்தில் தரையைத் தொட்டது. பள்ளிக்கூடத்துப் புத்தகத்திலேயே படிச்ச கதை.

1871 ஆகஸ்ட் 18, பாரிஸ், துய்லெரி தோட்டம். 21 வயசு இளைஞர் ஒருத்தர் பறக்கவிட்ட விமானம் 11 விநாடியில் சுமார் 40 மீட்டர் போனது. ஆள் கிடையாது, இன்ஜின் கிடையாது. மொத்த எடை 16 கிராம், நம்ம ஊர் நகைக்கடைக் கணக்கில் சரியா ரெண்டு பவுன்! அதில் ரப்பர் மட்டும் 5 கிராம்.

இந்த ரெண்டாவது கதையின் நாயகர் அல்போன்ஸ் பெனோ. மாடல் விமானம் செய்கிற ஆட்கள் மத்தியில் ஓரளவு தெரிஞ்ச பெயர். வெளியே கேட்டால் "யாருப்பா அது?" என்பார்கள். அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

பெனோ 1850-ல் பாரிஸில் பிறந்தவர். அப்பா பிரெஞ்சுக் கடற்படையில் அட்மிரல். பையனும் கப்பலுக்குத்தான் போயிருக்க வேண்டும். ஆனால் சின்ன வயசிலேயே இடுப்பு எலும்பில் நோய். ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாது, கடற்படை எப்படி எடுக்கும்? அதனால் ஆகாயம் பக்கம் திரும்பினார்.

அப்போ பறக்கும் மாடல் செய்ய நினைத்தவர்களுக்கெல்லாம் ஒரே தலைவலி, சக்திக்கு எங்கே போவது? கடிகார ஸ்பிரிங் கனம். நீராவி அதைவிடக் கனம். 1784-லேயே லோனுவா, பியென்வெனு என்ற ரெண்டு பிரெஞ்சுக்காரர்கள் பறவை இறகுகளைக் காற்றாடி மாதிரி செருகி, வில்லின் நாணை முறுக்கிப் பறக்கிற ஒரு பொம்மை செய்திருந்தார்கள். பெனோ 1870-ல் அந்த வில்லைத் தூக்கிப் போட்டுவிட்டு ரப்பர் இழையை முறுக்கினார். எடைக்கு எடை பார்த்தால் ரப்பர் சேர்த்து வைக்கிற சக்தி அதிகம், விலை மலிவு, ரிப்பேர் என்று ஒன்றும் கிடையாது. ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில் சுற்றும் ரெண்டு காற்றாடி, நடுவில் முறுக்கிய ரப்பர். கையை விட்டால் சர்ரென்று மேலே போகும். பொம்மை ஹெலிகாப்டர்.

அடுத்த வருஷம் வந்ததுதான் அந்த 16 கிராம் விமானம். அதற்கு அவர் வைத்த பெயர் ப்ளானோஃபோர். அரை மீட்டர் நீளக் குச்சி, அதன் கீழே ரப்பர், 45 செ.மீ. இறக்கை, பின்னால் குட்டி வால், வாலுக்கும் பின்னால் காற்றாடி. அவ்வளவுதான். பறக்கவிட்ட இடத்தையும் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ஜெர்மானியர்களிடம் தோற்ற சூடு ஆறவில்லை. அதற்கப்புறம் நடந்த பாரிஸ் கம்யூன் சண்டையில், அந்த மே மாதம்தான் துய்லெரி அரண்மனையைக் கொளுத்தியிருந்தார்கள். எரிந்துபோன சுவர்களுக்குப் பக்கத்துத் தோட்டத்தில், விமான ஆர்வலர் சங்கத்துக்காரர்கள் வேடிக்கை பார்க்க, இந்த மனுஷர் ரப்பரை முறுக்கிக்கொண்டிருக்கிறார்!

சரி, இதில் என்ன பெரிய விஷயம்? தூரம் இல்லை. அது நேராகப் போனதுதான் விஷயம்.

மாடல் விமானத்தில் பைலட் கிடையாது. மூக்கு தூக்கினால் அமுக்கவும், சாய்ந்தால் நிமிர்த்தவும் யாரும் இல்லை. ஆகவே திருத்துகிற வேலையையும் அதன் உருவத்துக்குள்ளேயே வைத்தாக வேண்டும். பெனோ வாலை இறக்கையைவிட 8 டிகிரி கீழ்நோக்கி வைத்தார், எடையைக் கொஞ்சம் முன்னால் தள்ளினார். எப்படி வேலை செய்கிறது என்பதை என் பாணியில் ஒரு சின்னக் கணக்காகச் சொல்கிறேன் (கணக்கு சுலபமாக இருக்கட்டும் என்று கோணங்களை மாற்றியிருக்கேன்). இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் 6 டிகிரி, வால் 2 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏதோ ஒரு காற்று வந்து மூக்கை 2 டிகிரி தூக்கிவிடுகிறது. இப்போ இறக்கை 8, வால் 4. தூக்குவிசை ஏறக்குறைய கோணத்தைப் பொறுத்தது. அப்படிப் பார்த்தால் இறக்கைக்கு மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது, வாலுக்கு இரண்டு மடங்காகிவிடுகிறது. வால் மேலே எழும்பும், மூக்கு தானாகக் கீழே இறங்கும். மூக்கு கவிழ்ந்தால் இதே கதை தலைகீழாக நடக்கும். எங்க கம்ப்யூட்டர் பாஷையில் சொன்னால் நெகட்டிவ் ஃபீட்பேக். ஒரு வரி புரோகிராம் இல்லை, வெறும் கோணம்! பக்கவாட்டில் சாயாமல் இருக்க இறக்கை நுனிகளை மேல்நோக்கி வளைத்தார், அது இன்னொரு திருத்தம்.

இங்கிலாந்தில் ஜார்ஜ் கெய்லி 1804-லேயே வால் வைத்த கிளைடர் மாடல் ஒன்றைச் செய்துவிட்டார் என்பது உண்மை. ஆனால் அதைப் பார்த்துப் பெனோ செய்யவில்லை, சொந்தமாகக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தார். காரணத்தோடு 'லெரோனோட்' என்ற பத்திரிகையில் 1872-ல் எழுதவும் செய்தார். என்னைக் கேட்டால் அந்தக் கட்டுரைதான் பொம்மையைவிட முக்கியம். பறந்தது என்பது ஒரு நாள் வேடிக்கை. ஏன் பறந்தது என்று எழுதிவைத்தால்தான் அடுத்தவன் அங்கிருந்து ஆரம்பிக்க முடியும்.

அதற்கப்புறம் சிறகடிக்கும் ரப்பர் பறவை ஒன்றும் செய்தார். 1876-ல் பால் கோஷோ என்ற மெக்கானிக்கோடு சேர்ந்து ஒரு காப்புரிமை வாங்கினார். ரெண்டு பேர் உட்காரும் முழு விமானம்! தண்ணீரிலும் இறங்கும், சக்கரங்கள் உள்ளே மடங்கும், பைலட் தலைக்கு மேல் கண்ணாடிக் கூடு, மேலே கீழே போகவும் திரும்பவும் ஒரே ஒரு கைப்பிடி. 1876-ல்! ஜெர்மனியில் நிக்கோலஸ் ஆட்டோ தன் நாலு ஸ்ட்ரோக் இன்ஜினை ஓட்டிக் காட்டியதும் அதே வருஷம்தான். ஆனால் அது தரையில் பதித்து வைக்கிற பூதம். பெனோவின் விமானத்துக்கு வேண்டிய லேசான இன்ஜின் அப்போ உலகத்தில் எங்கேயும் கிடையாது. 

ஆக, காசு கிடைத்திருந்தாலும் அது எழும்பியிருக்காது என்பது என் கணிப்பு. ஆனால் அவருக்குக் காசும் கிடைக்கவில்லை. கேலிதான் கிடைத்தது. உடம்பு வேறு மோசமாகிக்கொண்டே வந்தது. கடைசியாக ஹென்றி ஷிஃபாரிடம் போனார். 1852-லேயே நீராவி இன்ஜின் வைத்த ஆகாயக் கப்பலில் பறந்தவர், பெரிய பணக்காரர். முதலில் ஆர்வம் காட்டிய அவரும் பிறகு கைவிட்டார். 1880 அக்டோபரில், தன் வரைபடங்களை எல்லாம் ஒரு சின்னச் சவப்பெட்டிக்குள் வைத்து ஷிஃபாரிடம் சேர்த்தார் பெனோ என்று சொல்கிறார்கள். அந்த மாதமே தன் உயிரை முடித்துக்கொண்டார். வயது 30. கண்பார்வை போய்க்கொண்டிருந்த ஷிஃபாரும் 1882-ல் அதே முடிவைத் தேடிக்கொண்டார். இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் மனசு கனத்துப்போகும். இன்னும் முப்பது வருஷம் இருந்திருந்தால் எல்லாத்தையும் கண்ணால் பார்த்திருப்பாரே.

ஏன்னா விஷயம் அவரோடு நிற்கவில்லை. 1878-ல், பெனோ உயிரோடு இருக்கும்போதே, அமெரிக்காவில் மில்டன் ரைட் என்ற பாதிரியார் தன் ரெண்டு பையன்களுக்கு ஒரு பொம்மை வாங்கிக்கொண்டு வந்தார். பெனோவின் அந்த ரப்பர் ஹெலிகாப்டர்தான். வில்பருக்கு 11 வயசு, ஆர்விலுக்கு 7. அதற்கு 'வௌவால்' என்று பேர் வைத்து, உடையும் வரை விளையாடினார்கள். அப்புறம் தாங்களே செய்தார்கள். பெரிசாகச் செய்யச் செய்யப் பறக்க மாட்டேன் என்றது. அளவு ரெண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்கு வேண்டும் என்பது அந்த வயசில் தெரியவில்லை என்று பின்னாளில் எழுதினார்கள். 1899-ல் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்குப் புத்தகங்கள் கேட்டு வில்பர் எழுதிய கடிதத்தில், சின்ன வயசில் செய்த வௌவால்களைச் சொல்லும்போது பெனோவின் பெயரும் வருகிறது. அந்த ஸ்மித்சோனியனின் தலைவர் சாமுவேல் லாங்லியும் பெனோ வழியில் ரப்பர் மாடல்களாகச் செய்து தள்ளிக்கொண்டிருந்தவர்தான். அந்த வகை வாலுக்கே 'பெனோ வால்' என்று பேர் நிலைத்துவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை. ரைட் சகோதரர்கள் 1903-ல் அந்த வாலை வேண்டாம் என்றுவிட்டார்கள். மேலே கீழே போக வைக்கும் பலகையை மூக்குக்கு முன்னால் வைத்தார்கள். விமானம் தானாக நேராக வேண்டியதில்லை, பைலட் பார்த்துக்கொள்வான் என்பது அவர்கள் கட்சி. ஓட்டியவர்களுக்குத்தான் தெரியும் அந்தப் பாடு, ஒரு நிமிஷம் கை அசந்தால் மூக்கு குத்திவிடும். 1909-ல் லூயி பிளெரியோ ஆங்கிலக் கால்வாயைத் தாண்டிய விமானத்தில் ஒற்றை இறக்கை, பின்னால் வால். 1910-ல் ரைட் சகோதரர்களின் மாடல் பி வந்தது. முன்னால் இருந்த பலகையை அதில் எடுத்துவிட்டு, பின்னால் கொண்டுபோய் வைத்திருந்தார்கள்.