மைக்கோடும் மதுக்கிண்ணமும்: சஃபாவி காலப் பாரசீகச் சித்திரங்கள் – ஒரு நோக்கு

பாரசீகத்தைச் சஃபாவி மரபினர் ஆண்ட காலத்தில், குறிப்பாகக் கி.பி. 16ஆம் நூற்றாண்டின் இறுதி தொடங்கி, எழுந்த ஒற்றைத்தாள் மைச்சித்திரங்களில் மதுக்கிண்ணமோ நெடுங்கழுத்துக் குடுவையோ ஏந்திய தனியுருவம் திரும்பத் திரும்ப இடம்பெறுகின்றது. இதனை அரண்மனைக் களியாட்டத்தின் நேர்ப்பதிவு எனக் கொள்வாரும், இறைக்காதலைச் சுட்டும் சூஃபியக் குறியீடு எனக் கொள்வாரும் உளர். இச்சித்திரங்கள் யாருக்காக எழுந்தன என்னும் வினாவை எழுப்பாமல் இவ்விரண்டுள் ஒன்றைத் தேர்தல் பொருந்தாது.

முன்னைய ஓவியம் பெரிதும் சுவடியைச் சார்ந்திருந்தது. ஷா தஹ்மாஸ்ப் (1524–1576) காலத்து ஷாநாமா போன்ற பெருஞ்சுவடிகளுக்கு ஓவியர், எழுத்துக்கலைஞர், பொன்வேலையர் எனப் பலர் உழைக்க வேண்டியிருந்தது. அரசன் ஒருவனே அச்செலவைத் தாங்க இயலும். பிற்காலத்தில் தஹ்மாஸ்ப் ஓவியப் புரவலிலிருந்து விலகவே, கலைஞர் வேறு ஆதரவாளரை நாடலாயினர். மையும் சிறிதளவு வண்ணமும் கொண்ட ஒற்றைத்தாள் குறைந்த செலவில் முடிவது, அரசரல்லாதாரும் பெறத்தக்கது. அத்தகைய தாள்களை ‘முரக்கா’ எனப்படும் தொகுப்பேடுகளில் ஒட்டிப் பேணும் வழக்கமும் வளர்ந்தது.

ஷா அப்பாஸ் (1588–1629) 1598ஆம் ஆண்டளவில் தலைநகரைக் கஸ்வீனிலிருந்து இஸ்பஹானுக்கு மாற்றினார். அவரது அவையில் சிறந்த ரிஸா அப்பாஸி (இறப்பு 1635) இம்மரபின் தலையாய ஓவியர் ஆவார். ஒரே கோடு தடித்தும் மெலிந்தும் ஓடித் தலைப்பாகையின் மடிப்பையும் இடைக்கச்சையின் நுனியையும் உணர்த்துவது அவர்தம் தனித்திறன். எழுத்துக்கலையைப் போற்றிய சமூகத்தில் இக்கோடு எழுத்துக்கு நிகரான சுவையை அளித்தது. அரசவையை நீங்கி மல்லர் முதலியோருடன் அவர் பழகியதை அக்கால வரலாற்றாசிரியர் இஸ்கந்தர் பேக் முன்ஷி குறை கூறுகின்றார். அரண்மனைக்கு வெளியிலிருந்த வாழ்வையும் ஓவியர் அறிந்திருந்தார் என்பதற்கு இக்குறைகூறலே சான்றாகின்றது.

இனி, மதுவின் பொருள். சமயச் சட்டம் மதுவை விலக்கியது. எனினும் அரசவை விருந்துகளில் அது இடம்பெற்றது. தஹ்மாஸ்ப் தாம் மதுவை விட்டொழித்ததை அறிவித்ததும், 1694இல் அரியணை ஏறிய ஷா சுல்தான் ஹுசைன் மதுவைத் தடைசெய்ததும் அவ்வழக்கத்தின் பரவலையே காட்டுகின்றன. மறுபுறம், ஹாஃபிஸ் முதலிய கவிஞர்வழி மது வார்க்கும் ‘சாகீ’ கவிமரபில் நிலைபெற்ற உருவமாயிற்று. முஹம்மத் காசிம் 1627இல் வரைந்த, லூவர் அருங்காட்சியகத்திலுள்ள ஓவியம் ஈண்டு நோக்கத்தக்கது. அதில் ஷா அப்பாஸும் மது ஏந்திய பணியிளைஞனும் அருகருகே உள்ளனர். உடன் செய்யுளும் பொறிக்கப்பெற்றுள்ளது. அவைவாழ்வும் கவிமரபும் ஒரே தாளில் இணைவதை இதனால் அறியலாம்.

ஆகவே, கிண்ணம் ஏந்திய உருவம் குடிப்பழக்கத்தின் புள்ளிவிவரம் அன்று. முற்றிலும் மறைபொருளும் அன்று. கவிதை பயின்ற வாங்குவோர் தம் மனநிலைக்கேற்பப் பொருள்கொள்ள இடந்தந்தமையே அதன் ஆற்றல் எனலாம். பொறிப்பும் நாளும் உள்ள தாள்களை அடிப்படையாகக் கொண்டு, அவையில்லாத தாள்களை ஒப்பிட்டு அணுகுவதே வரலாற்று ஆய்வுக்குத் தக்க நெறியாகும்.