வந்து போகும் நோவும் வேலையும்

மூட்டுவாத நோவைச் சொன்னால் வேலை போய்விடுமோ என்று மறைப்போர் எம்மிடையே பலர். அவர்களைக் காக்கும் சட்டம் போராடிப் பெற்றது.

1977 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோ அரச அலுவலகமொன்றினுள் மாற்றுத்திறனாளிகள் மூன்று வாரங்களுக்கு மேல் உள்ளிருந்து போராடினர். அரச நிதி பெறும் நிறுவனங்கள் அவர்களை ஒதுக்குவதைத் தடுக்கும் விதிகள் அம்மாதமே கையெழுத்தாகின. 1990ஆம் ஆண்டுச் சட்டம் தனியார் வேலைத்தலங்களுக்கும் வந்தது.

2002இல் டொயோட்டா தொழிலாளி ஒருவரின் வழக்கில், அன்றாட வாழ்விலும் கை முடங்கியிருக்க வேண்டுமென உச்ச நீதிமன்றம் அளவுகோலை இறுக்கியது. 2008இல் காங்கிரஸ் அதைத் தளர்த்தியது. மூட்டுவாதம் ஒரு கிழமை முடக்கும், மறுகிழமை விடும். முடக்கும் வேளையைக் கொண்டே இப்போது கணிப்பார்கள்.

15 பேருக்குக் குறையாத வேலைத்தலத்தில் உயரமான கதிரை, இடையில் ஓய்வு கேட்கலாம். மிகுந்த சுமையாக இருந்தாலன்றி முதலாளி மறுக்க முடியாது. எழுத்தில் கேளுங்கள்.