இருப்பாய்வு

இருப்பாய்வு என்பது பேரேட்டுக் கணக்குகளின் பற்று, வரவு இருப்புகளைக் குறிப்பிட்ட ஒரு நாளில் தொகுத்து, இரு பக்க மொத்தங்களும் சமமா எனச் சரிபார்க்கும் பட்டியல். கல்லூரிக் கணக்குப்பதிவியல் பயிற்சிகளில் இது அடிப்படையானது.

வகைகள்: மொத்த முறை, இருப்பு முறை, இவ்விரண்டும் இணைந்த முறை.

அமைப்பு: சொத்து, செலவு, எடுப்பு ஆகியன பற்றிலும், பொறுப்பு, முதல், வருமானம் ஆகியன வரவிலும் இடம்பெறும். எடுத்துக்காட்டாக, ரொக்கம் ரூ.12,000, கொள்முதல் ரூ.22,000, கடனாளிகள் ரூ.14,000, இயந்திரம் ரூ.27,000, சம்பளம் ரூ.5,000 ஆகியவை பற்று, முதல் ரூ.40,000, விற்பனை ரூ.31,000, கடனீந்தோர் ரூ.9,000 ஆகியவை வரவு. இரு பக்கமும் ரூ.80,000. இறுதிச் சரக்கிருப்பு பொதுவாகப் பட்டியலுக்கு வெளியே சரிக்கட்டலாகத் தரப்படும்.

பிழை காணல்: வித்தியாசம் 9 ஆல் வகுபட்டால் இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம், ரூ.5,400 என்பது ரூ.4,500 எனப் பதிவானால் ரூ.900 வேறுபடும். ஓர் இருப்பு எதிர்ப்பக்கத்தில் எழுதப்பட்டால் வித்தியாசம் அத்தொகையைப்போல் இருமடங்காகும். கண்டறியப்படாத வித்தியாசம் தற்காலிகமாக அனாமத்துக் கணக்கில் வைக்கப்படும்.

வரம்பு: முழு விடு பிழை, விதிப் பிழை, ஈடுசெய் பிழை ஆகியவற்றை இருப்பாய்வு காட்டிக்கொடுக்காது. இயந்திரம் வாங்கியதைக் கொள்முதல் கணக்கில் பற்று வைத்தாலும் மொத்தங்கள் பொருந்தும்.

வரலாறு: இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பாச்சோலி, 1494இல் வெனிஸில் அச்சான தம் கணித நூலில் இரட்டைப்பதிவு முறையுடன் இச்சரிபார்ப்பையும் விளக்கினார்.

பயன்: வியாபாரக் கணக்கு, இலாப நட்டக் கணக்கு, இருப்புநிலைக் குறிப்பு ஆகிய இறுதிக் கணக்குகள் இதிலிருந்தே தயாரிக்கப்படுகின்றன.