ஞாயிறு தேவாலயம், திங்கள் பன்றிச் சந்தை: யூட் வண்டியின் கதை



ஒவ்வொரு வருடமும் ஜூன் மாதம் பிறந்தால் எங்கள் வரி நிகழ்ச்சிக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி ஒரே கேள்வியைத்தான் கொண்டு வரும். "அண்ணை, முப்பதாம் திகதிக்கு முந்தி ஒரு யூட் எடுத்தால் வரிக்கு நல்லதாமே? ஹைலக்ஸை எடுக்கட்டோ, ரேஞ்சரை எடுக்கட்டோ?" நான் திருப்பிக் கேட்பது, "தம்பி, அதிலே எதை ஏற்றப் போறீர்?" என்பது. மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. பிறகு, "எல்லாம்தான் அண்ணை" என்று ஒரு பதில் வரும்.

எதை ஏற்றப் போகிறோம் என்பதைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்த ஒரு பெண்ணால்தான் யூட் என்ற வண்டியே பிறந்தது. இந்த மாதப் பேச்சில் அந்தக் கதையைச் சொல்லிவிட்டு, வாங்குகிற விஷயத்துக்கு வருகிறேன்.

பின்னால் பெட்டி வைத்த கார் என்பது அமெரிக்காவில் முன்பே இருந்தது. தங்கள் போர்ட் மொடல் ரீ காரின் பின்பக்கத்தை வெட்டி எறிந்துவிட்டு மரப்பெட்டியைப் பொருத்திக்கொண்ட விவசாயிகள் பலர். அதைக் கவனித்த போர்ட் நிறுவனம் 1925இல் தானே அப்படி ஒரு வண்டியை 281 டொலருக்கு விற்கத் தொடங்கியது. அது வேலைக்கான வண்டி. நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு ஏறுகிற வண்டி அல்ல.

இனி எங்கள் விக்ரோறியா மாநிலத்துக்கு வருவோம். 1930களின் தொடக்கம், உலகப் பொருளாதார மந்தம். மெல்பேர்ணுக்குக் கிழக்கே கிப்ஸ்லாண்ட் பகுதியில் இருந்து ஒரு விவசாயியின் மனைவி, ஜீலோங்கில் இருந்த போர்ட் அவுஸ்திரேலியா நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அவருடைய பெயர் சரித்திரத்தில் நிற்கவில்லை. கடிதத்தின் சாரம் நின்றுவிட்டது. எங்களால் ஒரு காரும் ஒரு லொறியும் வாங்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை மழையில் நனையாமல் தேவாலயம் போகவும், திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்குக் கொண்டு போகவும் ஒரே வண்டியாகச் செய்து தர முடியுமா? இவ்வளவுதான். அந்த நாளில் வங்கிகள் தொழிலுக்கான வண்டி என்றால் விவசாயிக்குக் கடன் கொடுக்கும், சொகுசுக் கார் என்றால் கொடுக்காது என்றும் இந்தக் கதையோடு சேர்த்துச் சொல்வார்கள்.

கடிதம் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் ஹியூபேர்ட் பிரெஞ்சிடம் போனது. வரைபட வேலை லூவிஸ் பாண்ட் என்ற, இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞனிடம் வந்தது. அவர் இரண்டு பேர் இருக்கும் கூபே காரின் முன்பகுதியை அப்படியே எடுத்து, அதன் பக்கத் தகடுகளைப் பின்வரை நீட்டி, காரும் பெட்டியும் ஒரே உடம்பாக வரும்படி வரைந்தார். முன்னால் கண்ணாடி ஏற்றி இறக்கும் கதவும் மெத்தை இருக்கையும். பின்னால் 1200 இறாத்தல், இன்றைய கணக்கில் ஏறத்தாழ 545 கிலோ, சுமக்கும் பெட்டி. 1934இல் வண்டி விற்பனைக்கு வந்தது. கூபே யூட்டிலிட்டி என்ற பெயரை இந்த நாட்டு மக்கள் யூட் என்று சுருக்கிக்கொண்டார்கள். அமெரிக்காவில் இதைப் பார்த்த ஹென்றி போர்ட் கங்காரு துரத்துகிற வண்டி என்று பகிடி பண்ணினார் என்பார்கள். ஆனால் அதே மாதிரியான ரான்சேரோ வண்டியை அமெரிக்க போர்ட் சந்தைக்கு விட்டது 1957இல். ஜீலோங் 23 வருடம் முந்திவிட்டது. ஹோல்டன் நிறுவனமும் 1951இல் தன் யூட்டைக் கொண்டு வந்தது. பாண்ட் 1987இல், தான் பழுதுபார்த்து வைத்திருந்த ஒரு 1934 யூட்டை ஓட்டிச் செல்கையில் விபத்தில் இறந்துபோனார். தான் வரைந்த வண்டியிலேயே அந்த மனிதரின் முடிவும் வந்தது.

ஆளையும் சாமானையும் ஒரே வண்டியில் ஏற்றுவது எங்களுக்குப் புதினம் அல்ல. கொடிகாமம் பருத்தித்துறை வீதியில் ஓடிய தட்டி வானை மறந்தவர்கள் இங்கே இருக்க மாட்டார்கள். பழைய பிரித்தானிய வண்டியின் அடிச்சட்டத்தில் மரத்தால் உடம்பு கட்டி, உள்ளே சனம், பின்னால் தொங்கும் தட்டியில் மரக்கறி மூட்டையும் மீன் கூடையும் சைக்கிளும். 1990இல் சண்டை மீண்டும் தொடங்கிப் பொருளாதாரத் தடை வந்தபோது, ஒரு சொட்டுப் பெற்றோலில் இயந்திரத்தை எழுப்பி மண்ணெண்ணெயில் ஓட்டிய ஆட்கள் நாங்கள். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தபோது, எந்த வண்டியில் எவ்வளவு ஏறும் என்பது வீட்டுக்கு வீடு உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. உழவு இயந்திரப் பெட்டியில் அம்மம்மாவுக்கு இடம் வேண்டும் என்றால் எந்த மூட்டையை இறக்குவது என்று முடிவெடுத்த பிள்ளைகள்தான் இன்று இங்கே 50 வயதுக்காரர். இங்கே வந்து ஆளுக்கு ஆள் பெரிய வண்டி தேடுவதற்குப் பெருமை மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. இடம் போதாமல் போய்விடுமோ என்ற பயமும் ஒரு காரணம்.

கதைக்குத் திரும்புவோம். கிப்ஸ்லாண்ட் பெண்மணி கேட்ட வண்டி இப்போது இல்லை. போர்ட் தன் கடைசி பால்கன் யூட்டை 2016 ஜூலையில் மெல்பேர்ணின் புரோட்மெடோசில் செய்து முடித்தது. ஹோல்டன் 2017 ஒக்ரோபர் 20இல் எலிசபெத் தொழிற்சாலையை மூடியது. புதிதாக வந்த குடியேறிகள் எத்தனையோ பேருக்கு முதல் சம்பளம் கொடுத்த இடங்கள் இவை. அந்த இடத்தைப் பிடித்தது வேறு குலத்து வண்டி: கார் உடம்பு இல்லாமல், லொறியைப் போலத் தனிச் சட்டத்தின் மேல் கட்டிய பிக்கப். 1968இல் ஜப்பானில் பிறந்த ரொயோட்டா ஹைலக்ஸ் அந்தக் குலத்தின் மூத்த பிள்ளைகளில் ஒன்று. 2016இல் அதுவே அவுஸ்திரேலியாவில் அதிகம் விற்ற வாகனமானது. வேலை வண்டி ஒன்று எல்லாக் கார்களையும் முந்தியது அதுவே முதல் தடவை. 2023இல் போர்ட் ரேஞ்சர் அதை முந்தியது. ரேஞ்சர் விக்ரோறியாவில் வடிவமைக்கப்பட்டு, தாய்லாந்தில் செய்யப்பட்டு, கப்பலேறி இங்கே திரும்பி வருகிறது.

ஏன் தாய்லாந்து? பிக்கப்புக்கு அந்த நாடு மற்றக் கார்களை விடக் குறைந்த உற்பத்தி வரி போட்டது. அதனால் ஜப்பான் நிறுவனங்கள் பல அங்கே குவிந்தன. 2005 ஜனவரி 1இல் தாய்லாந்துடன் அவுஸ்திரேலியா செய்த தடையற்ற வர்த்தக உடன்பாடு நடைமுறைக்கு வந்து, அங்கிருந்து வரும் வண்டிகளுக்குச் சுங்க வரி இல்லாமல் போனது. அமெரிக்காவில் இதற்கு நேர்மாறு. அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு ஐரோப்பா வரி போட்டதற்குப் பழிவாங்க, ஜனாதிபதி ஜோன்சன் 1963 டிசம்பரில் ஐரோப்பிய பிரண்டிக்கும் சிறு லொறிகளுக்கும் 25 வீத வரி விதித்தார். கோழிச் சண்டை முடிந்தும் லொறி வரி அரை நூற்றாண்டுக்கு மேல் நின்றது. போட்டி இல்லாத சந்தையில் அமெரிக்கப் பிக்கப் ஊதிப் பெருத்தது. அவற்றில் சிலவற்றை மெல்பேர்ணிலேயே வலப்பக்கச் சுக்கானுக்கு மாற்றி இப்போது விற்கிறார்கள். பார்க்க மலை மாதிரி. சுமக்கும் எடையில் சில, ஒரு சாதாரண ஹைலக்ஸை விடக் குறைவு.

எங்கள் நாட்டு வரிச்சட்டமும் தன் பங்குக்கு இந்த வண்டியை வளர்த்தது. 1986இல் வந்த ஊழியர் சலுகை வரிச் சட்டத்தில் யூட்டுக்கு ஒரு விலக்கு இருக்கிறது. வேலைக்குக் கொடுத்த யூட்டை வீட்டுக்கும் வேலைக்கும் இடையிலும், மற்றபடி எப்போதாவது சிறிதளவும் பாவித்தால் முதலாளிக்கு அந்த வரி இல்லை. 2000 ஜூலை 1இல் ஜிஎஸ்டியோடு வந்த சொகுசுக் கார் வரி, 2008 முதல் 33 வீதம். ஆட்களை ஏற்றுவதைப் பிரதான நோக்கமாகக் கொள்ளாத வேலை வண்டிக்கு அது கிடையாது. ஒரு தொன் அல்லது அதற்கு மேல் சுமக்க வடிவமைத்த வண்டி வருமான வரிச்சட்டத்தின் கண்ணில் 'கார்' அல்ல. ஆகவே தேய்மானத்துக்குக் காருக்குள்ள உச்சவரம்பும் அதற்கு இல்லை. தோல் இருக்கை, பெரிய திரை, நான்கு கதவு எல்லாம் வைத்த வண்டியும் காகிதத்தில் லொறிதான். இருபது வருடத்தில் இரட்டைக் கபின் யூட் இப்படி வீதியை நிறைத்ததற்கு இந்தச் சலுகைகள் ஒரு முக்கிய காரணம் என்பது என் கணிப்பு.

இங்கேதான் எங்கள் ஆட்கள் வழுக்குகிறார்கள். விலக்கு என்றால் இலவசம் அல்ல. 60,000 டொலர் வண்டியை முழுக்கத் தொழிலுக்கே பாவித்தாலும், 30 வீத வரிப்படியில் இருக்கும் ஒருவருக்கு எல்லா வருடமும் சேர்த்து வரியில் குறைவது 18,000. ஜிஎஸ்டியை ஒரு பக்கம் வைத்தால், மிச்சம் 42,000 உங்களுடைய காசு. பாதி நாள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டு போனால் அந்த 18,000மும் பாதியாகும். ஒரு தொன்னுக்குக் குறைந்த யூட்டை வைத்திருக்கும் தனித் தொழில்காரர், 12 கிழமை தொடர்ச்சியாக ஓட்டப் பதிவேடு எழுதாமல் என்னிடம் வந்து, "90 வீதம் வேலைக்குத்தான்" என்று போடச் சொன்னால் நான் போட மாட்டேன்.

அடுத்தது எடை. விற்பனையாளர் 3500 கிலோ இழுக்கும் என்பார். பொய் இல்லை. வண்டியின் கதவருகே உள்ள தகட்டையும் கைநூலையும் பாருங்கள். வண்டியும் அதில் ஏறிய அனைத்தும் சேர்ந்து எவ்வளவு இருக்கலாம் என்று ஒரு எண் இருக்கும். அதிலிருந்து வெறும் வண்டியின் எடையைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் ஏற்றக்கூடிய எடை. உதாரணமாக 3100இல் 2150 போனால் 950 கிலோ. முன் இரும்புத் தடுப்பும் பின் கூடும் பூட்டினால் 200 போகும். நாலு பெரிய ஆட்கள் ஏறினால் 300. மிச்சம் 450. 1934இல் பாண்டின் பெட்டி சுமந்ததை விட இது குறைவு! பிறகு 3500 கிலோ இழுவைப் பெட்டியைக் கொளுவினால், அதன் மூக்கு ஏறத்தாழ 350 கிலோவைப் பின்கொளுக்கியில் அழுத்தும். அதுவும் உங்கள் சுமைக் கணக்கில்தான். மிச்சம் 100 கிலோ, இரண்டு அரிசி மூட்டை. பல யூட்களில் வண்டியும் இழுவையும் சேர்ந்த மொத்த எடைக்கும் தனி உச்சவரம்பு உண்டு. அதைப் பார்த்தால் இந்த 100ம் இருக்காது. அதிக பாரத்தோடு விபத்து நடந்தால் காப்புறுதி நிறுவனம் முதலில் தேடுவது இந்த எண்களைத்தான்.

பெயர்களில் மயங்கவும் வேண்டாம். 2020இல் இருந்து வந்த மஸ்டா பிரி-50, இசுசு டி-மக்சின் உடன்பிறப்பு. புதிய வொக்ஸ்வாகன் அமறொக் ரேஞ்சரின் உடன்பிறப்பு. ஒன்றில் விலை ஒத்துவரவில்லை என்றால் மற்றதைப் போய்ப் பாருங்கள்.

என்னிடம் வந்த ஒரு தம்பி பெயின்ற் வேலை ஒப்பந்தக்காரர். அவர் ஏற்றுவது ஏணி, வாளிகள், இரண்டு உதவியாளர்கள். எடுத்தது உச்ச ரகத்து இரட்டைக் கபின் யூட், கடைசியில் ஒரு பெரிய தொகையைக் கட்டுகிற மாதிரியான ஐந்து வருடக் கடனில். ஏணிக்குப் பெட்டி நீளம் காணாது என்று மேலே கம்பி அடித்தார். நாலாம் வருடம் வேலை குறைந்தது. விற்கப் பார்த்தால் சந்தை விலையை விடக் கடன் மிச்சம் கூட. கடனுக்கு உத்தரவாதம் அம்மாவின் வீடு. அகதியாக வந்து இருபது வருடம் இரவு வேலை செய்து அந்த மனுசி கட்டி முடித்த வீடு. வீடு தப்பியது, ஆனால் அந்தத் தம்பி இரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமையிலும் வேறு ஒருவரிடம் கூலிக்குப் பெயின்ற் அடித்துத்தான் அந்தக் கடனை முடித்தார்.

போன ஜூனில் கலியாண வீடுகளுக்குச் சாப்பாடு சமைத்துக் கொடுக்கும் ஒரு அக்கா வந்தார். அவருக்கும் மகன் யூட் என்று சொல்லி வைத்திருந்தான். "எதை ஏற்றப் போறீங்கள் அக்கா?" என்றேன். கொப்பி ஒன்றை எடுத்து வாசித்தார். சோற்றுக் கிடாரம் இரண்டு, கறிச் சட்டி ஆறு, எரிவாயு உருளை இரண்டு, மடக்கு மேசை மூன்று, தானும் ஒரு உதவிப் பிள்ளையும். குளியலறைத் தராசில் ஒவ்வொன்றாக வைத்து எடையும் எழுதியிருந்தார். மொத்தம் 380 கிலோ. மழையில் நனையக் கூடாது, கிடாரத்தை உயரத் தூக்க முடியாது, மண்டப வாசலில் நிறுத்த வேண்டும் என்று கீழே மூன்று வரி.

கடைசியில் அவர் வாங்கியது யூட்டே அல்ல. தாழ்ந்த தளமும் பக்கத்தில் இழுவைக் கதவும் உள்ள, ஏழு வருடம் ஓடிய ஒரு வெள்ளை வான். காசைக் கையோடு கட்டினார். மகனுக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான். ஆனாலும் சனிக்கிழமைகளில் அவன்தான் அதை ஓட்டுகிறான்.