பெட்டியும் பகடையும்: பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுக்கு எதை வாங்குவது?



மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் வீரராகவும் மந்திரவாதியாகவும் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு இணையத்திற்கும் வந்துவிட்டது. ஆளுக்கோர் ஊரில் இருந்தபடியே நண்பர்கள் ஒரே திரையில் கூடுகின்றனர். கூடவே கடையும் வந்துவிட்டது. வரைபடத் தொகுப்பு, அசையும் உருவங்கள், பின்னணி இசை, கூடுதல் விதிநூல் எனப் பிள்ளைகள் நீட்டும் பட்டியலைக் கண்டு பெற்றோர் திகைக்கின்றனர். எதை வாங்குவது, எதைத் தவிர்ப்பது? இவ்விளையாட்டின் வரலாற்றைச் சற்றே புரட்டினால் விடை தெளிவாகும்.

இத்தகைய விளையாட்டுகளுள் முதலில் விற்பனைக்கு வந்தது ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தைச் சேர்ந்த கேரி கைகாக்ஸும் மினசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த டேவ் ஆர்னெசனும் இதனை உருவாக்கினர். 1974ஆம் ஆண்டில் டி.எஸ்.ஆர். நிறுவனம் இதனை வெளியிட்டது. ஒரு பெட்டி, அதனுள் மூன்று சிறு நூல்கள், விலை 10 டாலர். முதலில் அச்சானவை 1000 பெட்டிகளே.

ஆனால், பெட்டியை வாங்கியவுடன் ஆடிவிட முடியாது. வேறு என்னென்ன வேண்டும் என்று அந்நூலிலேயே ஒரு பட்டியல் இருந்தது. காட்டுவழிப் பயணத்திற்கு அவலான் ஹில் நிறுவனத்தின் ‘அவுட்டோர் சர்வைவல்’ என்னும் விளையாட்டுப் பலகை. போர்க் காட்சிகளுக்கு டி.எஸ்.ஆர். விற்ற ‘செயின்மெயில்’ என்னும் விதிநூல், பலவகைப் பகடைகள், குறிப்பேடு, கட்டத்தாள், வண்ணப் பென்சில்கள். பட்டியலின் இறுதியில் மூன்று இருந்தன: கற்பனை, பொறுமையுள்ள நடுவர் ஒருவர், ஆடுவோர். இம்மூன்றும் எந்தக் கடையிலும் கிடைப்பன அல்ல. துணைப்பொருள் வாங்கும் சிக்கல், விளையாட்டு பிறந்த நாளிலேயே பிறந்துவிட்டது என்பதை இதனால் அறிகிறோம்.

அப்பட்டியலில் நிலைத்தவை எவை? ‘செயின்மெயில்’ இல்லாமலேயே போரிடுவதற்கு இருபது முகப் பகடையைக் கொண்ட மாற்று முறை ஒன்று அதே பெட்டியில் இருந்தது. நாளடைவில் அம்முறையே நிலைபெற்றது; தேவை என்று கூறப்பட்ட நூல் வழக்கொழிந்தது. பகடைகளோ இன்றுவரை நீடிக்கின்றன. தாயக்கட்டையையும் ஆறுமுகப் பகடையையும் மட்டுமே அறிந்த நமக்கு நான்கு, எட்டு, பன்னிரண்டு, இருபது முகப் பகடைகள் புதுமையானவை. இவற்றைக் கைகாக்ஸ் கண்டெடுத்தது பள்ளித் துணைக்கருவிகள் விற்கும் நிறுவனம் ஒன்றின் விலைப்பட்டியலில்தான்! வகுப்பறைக்கென விற்கப்பட்ட கருவியே இவ்விளையாட்டின் அடையாளமாயிற்று என்பது ஆசிரியர்களாகிய நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தியன்றோ?

அடுத்து வந்தவை துணைநூல்கள். 1975இல் ‘கிரேஹாக்’, ‘பிளாக்மூர்’. 1976இல் மேலும் இரண்டு. இவை புதிய பாத்திரங்களையும் விதிகளையும் சேர்த்தன. நடுவர் நினைவில் கொள்ள வேண்டிய சுமையும் கூடியது. அதே 1976இல் ஜட்ஜஸ் கில்டு என்னும் சிறு நிறுவனம் வேறொரு வழியில் சென்றது. ஆயத்தமான நகர வரைபடத்தையும் அந்நகரின் கடைகள், மாந்தர் பற்றிய குறிப்புகளையும் விற்றது. பாடத்திட்டம் எழுதிப் பழகிய ஆசிரியருக்கு ஆயத்தமான பயிற்றுப்பொருளின் அருமை தெரியும். ஆயத்தக் கதைகளுக்கும் வரவேற்பு உண்டு என்பதை உணர்ந்த டி.எஸ்.ஆர்., 1978இல் அவற்றைத் தானே வெளியிடத் தொடங்கியது.

ஆக, துணைப்பொருள்கள் இருவகை. ஒன்று சுமையைக் கூட்டும். மற்றொன்று உழைப்பைக் குறைக்கும். இந்த வேறுபாட்டை மறந்து பொருள்களைக் குவிப்பது விற்பவருக்கும் நன்மை தராது. பிற்காலத்தில் டி.எஸ்.ஆர். பல கற்பனை உலகங்களுக்குத் தனித்தனியே நூல்வரிசைகளை வெளியிட்டது. வாங்குவோர் பிரிந்தனர். அந்நிறுவனம் கடனில் மூழ்கி 1997இல் விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனத்தின் கைக்கு மாறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இணைய மேசைகளின் வரலாறும் இதையே உரைக்கிறது. 2004இல் ‘ஃபேன்டசி கிரவுண்ட்ஸ்’ வந்தது. 2012இல் ‘ரோல் 20’ தோன்றி, இணைய உலாவியிலேயே வரைபடத்தையும் பகடையையும் இலவசமாகத் தந்தது. 2020இல் வந்த ‘ஃபவுண்டரி’யில் ஆட்டத்தை நடத்துபவர் ஒருமுறை வாங்கினால் போதும், மற்றவர்கள் கட்டணமின்றி இணையலாம். விதிகளும் அப்படியே. 2014இல் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள் இலவசமாக வெளிவந்தன. 2023இல் அப்பதிப்பின் மையவிதிகள் எவரும் பயன்படுத்தக்கூடிய பொது உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டன.

எனவே, பெற்றோர்களே, பின்வரும் வரிசையைப் பின்பற்றலாம்.

முதலாவதாக, எதையும் வாங்காமல், இலவச விதிகளோடும் இலவச மேசையோடும் மூன்று நான்கு முறை ஆடிப் பார்க்கட்டும்.

இரண்டாவதாக, முதற்செலவு நடத்துபவரின் உழைப்பைக் குறைக்கும் பொருளுக்காக இருக்கட்டும். வரைபடங்களோடு கூடிய ஆயத்தக் கதைத் தொகுப்பு ஒன்று போதும். ஒரு குழுவுக்கு ஒருவர் வாங்கினால் போதுமா என்பதையும் கேட்டறியுங்கள்.

மூன்றாவதாக, ஓர் இணைய மேசையில் வாங்கிய நூல் மற்றொன்றில் பெரும்பாலும் பயன்படாது. ஆகவே, மேசையை முடிவு செய்த பின்னரே நூலை வாங்குங்கள்.

நான்காவதாக, இசை, ஒளி, அசையும் உருவங்கள் ஆகியவை கடைசியில் வரட்டும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அலங்காரம் இல்லாததால் எந்தக் கதையும் கெட்டுப்போவதில்லை.

1974ஆம் ஆண்டுப் பட்டியலின் கடைசி மூன்றும் இன்றும் விலைக்கு வருவதில்லை. அவற்றுள் கற்பனையை வளர்ப்பது வகுப்பறையில் நம் பணி. பொறுமையுள்ள ஒரு நடுவரைப் பழக்கி எடுப்பது, நேரமும் ஊக்கமும் தரும் இல்லத்தில் நடக்கும். இவ்விரண்டும் அமைந்த பிள்ளையிடம் ஒரு கட்டத்தாளைக் கொடுத்தாலே போதும். ஆடுவோர் தாமே வந்து சேர்வர்.