உளு: மரம் தின்னும் புழுவும் அதன் வினைச்சொல்லும்

மூங்கில் கட்டிலுக்கு அடியில் காலையில் பெருக்கிய இடத்தில் மாலைக்குள் மறுபடியும் வெளிர்மாவு உதிர்ந்து கிடந்தால், ‘மூங்கில் உளுத்துப்போச்சு’ என்பார்கள். இந்த வினைக்குள் ஓர் உயிர் இருக்கிறது. மரத்தைத் துளைத்துத் தின்னும் புழுவுக்கு உளு என்று பெயர். அது தின்றதால் கெடுவது உளுத்தல்.

மரம் கெடும் விதத்துக்கேற்பத் தமிழில் சொல்லும் மாறும். ஈரத்தில் கிடந்து பூஞ்சை பிடித்தால் மக்கும். கறையான் தின்றால் செல்லரிக்கும். செல் என்பது கறையானுக்கு வழங்கும் பெயர். செல்லரித்த இடத்தில் மண்பூச்சு தெரியும். உளுத்த இடத்தில் மண் இராது. குண்டூசித் தலையளவு துளைகளும் உலர்ந்த தூளுமே இருக்கும்.

உளுவில் பெரும்பாலானவை வண்டின் இளம்பருவம். மூங்கிலைத் துளைக்கும் டைனோடெரஸ் வண்டின் நீளம் சுமார் 3 மில்லிமீட்டர். அது தேடி வருவது மாவுச்சத்தை. மூங்கிலின் புறத்தோல் சிலிக்கா ஏறி இறுகியிருப்பதால், வெட்டுவாய் வழியாகவும் உட்சுவர் வழியாகவும் நுழைகிறது. மரப்பலகையைத் தின்னும் லிக்டஸ் வண்டின் புழுவோ வெளிப்புறத்து வெள்ளைப் பகுதியை மாவாக்கிவிட்டு, வைரம் பாய்ந்த நடுப்பகுதியைத் தொடாமல் விடும். புறத்தே காழ், அதாவது வைரம், உடையதைப் புல் என்றும் அகத்தே காழ் உடையதை மரம் என்றும் தொல்காப்பிய மரபியல் வகுக்கிறது. காழ் எங்கிருந்தாலும் இவ்விரு வகை உளுவும் அதை விட்டு விலகியே தின்கின்றன. வெட்டிய மூங்கிலை வாரக்கணக்கில் தண்ணீரில் ஊறப்போடும் வழக்கமும் உளு மாவுச்சத்தைத் தேடி வருவதை அறிந்ததே: மாவுச்சத்து குறைந்தால் புழுவுக்கு இரை இல்லை.

மரத்துக்கு மட்டுமன்றிப் பயறுக்கும் இச்சொல் வழங்கும். அங்கும் துளைப்பது வண்டின் புழுதான். பிறகு ‘உளுத்துப்போன கொள்கை’ என்று மேடைக்கு ஏறியபோது புழு மறைந்து, பயனற்றது என்ற வசை மட்டும் மிஞ்சியது.

காட்டில் அந்த வசை பொருந்தாது. விழுந்த மரத்தில் வண்டுப் புழுக்கள் குடையும் வழியே நீரும் பூஞ்சையும் உள்ளே இறங்குகின்றன. மரங்கொத்திக்கு அப்புழுக்களும் உணவு. தின்று கழித்த தூள் மண்ணோடு சேர்ந்து அடுத்த மரத்துக்கு உரமாகிறது. வீட்டு மூங்கிலை உளுவிடமிருந்து காப்பது நம் கடமை. காட்டில் பட்டு விழுந்த மரத்தைச் சுத்தம் என்ற பெயரில் அகற்றாமல் உளுவுக்கே விட்டுவிடுவதும் நம் கடமைதான்.