இருநூறு மீற்றருக்குக் கீழே

வானொலி என்றால் மார்க்கோனி. பாடசாலையில் எங்களுக்கு அதோட கதை முடிஞ்சுது. ஆனால் பூமியின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு, வீட்டில் செய்த சின்னக் கருவியால் பேசலாம் என்று காட்டியவர்கள் இதற்காக ஒரு சதமும் சம்பளம் வாங்காத ஆட்கள். அமெச்சூர்கள், இன்றைய பேச்சில் ஹாம்கள். இதில் சுவையான விசயம் என்னவென்றால், அந்த இடத்துக்கு அவர்கள் விரும்பிப் போகவில்லை. சட்டம் போட்டுத் துரத்தினார்கள்.

1900களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பெடியளுக்கு வானொலி கடையில் வாங்குகிற சாமான் இல்லை. பழைய காரின் தீப்பொறிச் சுருளைக் கழற்றி எடுத்தார்கள். கண்ணாடித் தகடுகளுக்கு இடையில் உலோகத்தாள் வைத்துக் கொள்ளளவி செய்தார்கள். ஓட்ஸ் வந்த வட்டப் பெட்டியில் செப்புக் கம்பியைச் சுற்றினால் அது சுருள். கேட்பதற்கு ஒரு துண்டு கலீனாப் பளிங்கும் அதைத் தொட ஒரு மெல்லிய கம்பியும் காணும். பிரச்சினை என்னவென்றால், தீப்பொறிக் கருவியின் அலை ஓரிடத்தில் நிற்காது. பக்கத்தில் கடற்படை அனுப்புகிற செய்திக்கு மேலாலும் போகும். கடற்படை முறைப்பாட்டுக்கு மேல் முறைப்பாடு வைத்தது. 1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கியபோது செய்திகளைக் குழப்பினார்கள் என்ற பழியும் அமெச்சூர்கள் மேல் விழுந்தது. அதே வருடம் ஓகஸ்டில் சட்டம் வந்தது. உரிமம் எடுக்க வேண்டும், 200 மீற்றருக்கு மேற்பட்ட அலைநீளத்தில் கை வைக்கக் கூடாது.

அலை நீள நீளத்தான் தூரம் போகும் என்பது அன்றைய நம்பிக்கை. கம்பனிகளும் கடற்படைகளும் ஆயிரக்கணக்கான மீற்றர் நீள அலைகளுக்காக வானளவு கோபுரங்கள் கட்டிக்கொண்டிருந்தன. 200க்குக் கீழே இருந்ததை ஒருவரும் கேட்கவில்லை. காணி பிரிக்கும்போது உவர்த்தரையைக் கடைக்குட்டியின் பங்கில் எழுதிவிடுகிற மாதிரி, அது அமெச்சூர்களுக்குப் போனது.

அவர்கள் அலுத்துப்போகவில்லை. ஒருவரின் சமிக்ஞை கொஞ்சத் தூரந்தான் போகுமென்றால், அடுத்த ஊர்க்காரர் வாங்கி அதற்கடுத்த ஊருக்குக் கொடுக்கட்டும் என்று 1914இல் ஹைரம் பேர்சி மக்ஸிம் ஒரு சங்கம் அமைத்தார். முதலாம் உலகப்போரில் அமெரிக்கா இறங்கியதும் எல்லா நிலையங்களும் மூடப்பட்டன. 1919இல் திரும்பி வந்தபோது அவர்கள் கைக்கு வால்வு வந்திருந்தது. 1921 டிசெம்பரில் போல் கொட்லி என்ற அமெரிக்கர் ஸ்கொட்லாந்தின் ஆட்ரோசன் கரையில், குளிருக்குள் கூடாரம் அடித்து, நீளக் கம்பி இழுத்துக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். அத்திலாந்திக்குக்கு அப்பாலிருந்து இருபதுக்கும் மேற்பட்ட அமெச்சூர் நிலையங்கள் கேட்டன. 1923 நொவெம்பரில் பிரான்சின் நீஸ் நகரிலிருந்த லெயோன் டெலோயும் அமெரிக்காவின் பிரெட் ஷ்னெல்லும் இருபக்கமும் கதைத்தார்கள். இம்முறை ஏறத்தாழ 100 மீற்றரில். அலையைக் குறுக்கியிருந்தார்கள், தூரமோ கூடியிருந்தது. நம்பிக்கை தலைகீழாகிவிட்டது.

எங்களுக்குப் பிடித்த நாள் 1924 ஒக்டோபர் 18. நியூசிலாந்தின் தெற்குத் தீவில், ஒட்டாகோவின் ஷாக் பள்ளத்தாக்கில், பிராங்க் பெல் என்பவர் செம்மறிப் பண்ணை வீட்டிலிருந்து மோர்ஸில் தட்டினார். பதில் வந்தது லண்டனிலிருந்து, மில் ஹில் பாடசாலைக்குள் இருந்த ஒரு நிலையத்திலிருந்து. அதை இயக்கியவர் சிசில் கொய்டர், பதினெட்டு வயது மாணவர். இடையில் ஏறத்தாழ 19,000 கிலோமீற்றர். இதற்கு மேல் 1,000 கிலோமீற்றர் போனால் பூமியில் போக இடமில்லை, திரும்பி வரவேண்டியதுதான். இரண்டு கரைக்கும் நடுவில் தந்திக் கம்பி இல்லை, கம்பனி இல்லை, கட்டணமும் இல்லை.

எப்படிப் போனது? சிற்றலை நிலத்தோடு ஊர்ந்தால் சீக்கிரம் தேய்ந்துவிடும். ஆனால் மேலே ஏறுகிற பங்கு, வெயில் பட்டு மின்னூட்டமடைந்த வளிப்படையில் மோதிக் கீழே திரும்புகிறது, கடலில் பட்டு மறுபடி ஏறுகிறது. அப்படியொரு படை இருக்கலாம் என்று கென்னலியும் ஹெவிசைட்டும் 1902இலேயே சொல்லியிருந்தார்கள். எட்வர்ட் அப்பிள்ட்டன் அதைப் பரிசோதனையில் உறுதிப்படுத்தியது 1924 டிசெம்பரில். பின்னாளில் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. திகதிகளைப் பாருங்கள். பெல்லும் கொய்டரும் அந்தக் கூரையில் பந்தடித்து இரண்டு மாதம் கழித்துத்தான் கூரை இருப்பது நிரூபணமாகிறது.

சாதாரண ஏழைப் பெடியள் உலகத்தை வென்ற கதையாக இதை எழுதினால் வாசிக்க நல்லா இருக்கும், ஆனால் பொய். பெல் குடும்பம் பெருநிலக்காரர். மில் ஹில் காசு கட்டிப் படிக்கிற பாடசாலை. காலனிகளில் இருந்த எங்கட பாட்டன்மாருக்கு வால்வு வாங்கக் காசு எங்கே, உரிமம் எங்கே? அதோடு மார்க்கோனியும் பிராங்க்ளினும் அதே வருடங்களில் சிற்றலையைச் சோதித்துக்கொண்டுதான் இருந்தார்கள். எங்கட வாதம் சின்னது. உதவாது என்று விட்ட இடத்தில் பல வருடம் குடியிருந்து, அது உதவும் என்று கண்டவர்கள் அமெச்சூர்கள்.

உவர்த்தரை விளைகிறது என்று தெரிந்ததும் நடப்பதுதான் நடந்தது. 1926இல் மார்க்கோனி கம்பனியின் சிற்றலைச் சேவை பிரித்தானியாவையும் கனடாவையும் இணைத்தது, பிறகு மற்றக் காலனிகளையும். 1927இல் வாஷிங்டனில் நாடுகள் கூடி அலைகளைப் பங்கு பிரித்தன. அமெச்சூர்களுக்கு 160, 80, 40, 20, 10 மீற்றர்களை ஒட்டிச் சில ஒடுங்கிய துண்டுகள் மிஞ்சின. அந்தத் துண்டுகளில்தான் இன்றைக்கும் அவர்கள் கதைக்கிறார்கள், 4எஸ்7 என்று தொடங்கும் அழைப்புக்குறியோடு இலங்கைக்காரர்களும்.

பிராங்க் பெல் பண்ணையைப் பார்க்கப் போய்விட்டார். நிலையத்தை அவருடைய அக்கா பிரெண்டா பெல் ஏற்றார், நியூசிலாந்தின் முதல் பெண் அமெச்சூர். 1927இல் தென்னாபிரிக்காவோடு தொடர்பு எடுத்தார். இந்த வரலாற்றைச் சொல்கிற பலர் அவரை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். நாங்களும் இரண்டு வரிதான் எழுதியிருக்கிறோம், அவருக்குத் தனிக் கட்டுரை வேணும்.

கொய்டர் 1936இல் டெல்லிக்கு வந்து அகில இந்திய வானொலியின் தலைமைப் பொறியியலாளரானார். 1938இல் சென்னை நிலையமும் 1939இல் திருச்சி நிலையமும் தொடங்கியபோது அந்தப் பதவியில் இருந்தவர் அவர்தான். திருச்சி கேட்டு வளர்ந்த யாழ்ப்பாணத்து ஆட்கள் எத்தனை பேருக்கு மில் ஹில் பெடியனைத் தெரிந்திருக்கும்?

பிறகு எங்கட காலத்துக்குச் சற்று முந்தின 1990கள். வடக்குக்குப் பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து வயர் இழுத்து றேடியோ கேட்டார்கள். லண்டனிலிருந்து தமிழோசை சிற்றலையில் வரும், அதே கூரையில் பட்டு. சுற்றுகிறவருக்குக் கை உளைந்து வேகம் குறைந்தால் குரலும் இறங்கும். செய்தி முடியுமட்டும் ஆள் மாறி ஆள் சுற்றினார்கள்.